லட்ச ரூபாய் ஸ்ட்ரீமர் வாங்கினால் பாட்டு மாறுமா? கும்மிடிப்பூண்டி காதுகள் சொல்லும் கணக்கு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் காலை மின்ரயிலில் எண்ணூர் தாண்டியதும் பேச்சு குறைந்துவிடும். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்களின் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, காதில் இயர்பட்ஸ். இளையராஜா, ரஹ்மான், அனிருத் என்று ஆளுக்கொரு உலகம். இந்தப் பக்கம் சிப்காட், அந்தப் பக்கம் தேர்வாய் கண்டிகை, மேற்கே திருவள்ளூரையொட்டி காக்களூர் தொழிற்பேட்டை. ஷிஃப்ட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் கூடவே வரும் துணை, போனில் ஓடும் பாட்டுதான்.

இந்தக் கூட்டத்தில், சம்பளம் கொஞ்சம் ஏறியவர்களிடம் இப்போது ஒரு புதுப் பேச்சு. “மச்சான், ஸ்பாட்டிஃபைலயும் லாஸ்லெஸ் வந்துடுச்சு. இன்னும் போன்ல கேட்டுட்டிருந்தா வேஸ்ட். நல்ல ஸ்ட்ரீமர் ஒண்ணு போடணும்.” ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலேயே லாஸ்லெஸ் கொடுத்துவிட்டது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் அறிவித்தது. தரம் வந்துவிட்டது, அதற்கேற்ற கருவி வேண்டாமா என்பது நியாயமான கேள்வியாகத்தான் தெரிகிறது.

ஸ்ட்ரீமர் என்பது ஒரு பெட்டி. வைஃபை வழியாகவோ கேபிள் வழியாகவோ இணையத்திலிருந்து பாட்டை வாங்கி, ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். போனில் இருக்கும் ஆப் செய்கிற வேலையைத் தனியாக ஒரு கருவி செய்கிறது, அவ்வளவுதான். இதன் விலை அமெரிக்காவில் சுமார் 100 டாலரில் தொடங்குகிறது. மேலே எங்கே முடிகிறது என்று சொல்வது கஷ்டம். ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 2021-ல் கொண்டுவந்த கிளைமேக்ஸ் டிஎஸ்எம் மாடலுக்கு வைத்த விலை 30,000 பவுண்டு. அந்தக் காசுக்கு நம்ம ஊரில் காரே வாங்கலாம். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில், இளைஞர்கள் இஎம்ஐ போட்டு வாங்க யோசிப்பது 40,000 முதல் ஒன்றரை லட்சம் வரையிலான பெட்டிகளை.

இது ஒர்த்தா? பெரும்பாலானவர்களுக்கு இல்லை. இரைச்சலுக்குள் வேலை பார்க்கும் இந்தத் தொழிற்பேட்டைக்காரர்களுக்கு இன்னும் ஒருபடி அதிகமாகவே இல்லை. காரணம் பெட்டியில் பாதி இருக்கிறது, காதில் பாதி இருக்கிறது.

பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

ரெக்கார்ட் பிளேயர், கேசட் காலத்தில் விலைக்கும் ஒலிக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. ஊசி தேய்ந்தால் பாட்டு கெடும். மோட்டார் தடுமாறினால் பாடகர் குரல் இழுக்கும். ரீல் ஈரம் பிடித்தால் அவ்வளவுதான். அதனால் நல்ல மோட்டாருக்கும் நல்ல ஊசிக்கும் அதிகப் பணம் கொடுத்ததில் அர்த்தம் இருந்தது. அந்தப் பழைய அனுபவத்தைத்தான் கடைக்காரர்கள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்ட்ரீமிங்கில் வருவது வெறும் எண்கள். சர்வரிலிருந்து துண்டுதுண்டாக வரும். வந்த துண்டு சரிதானா என்று கருவி சரிபார்க்கும். ஒன்று கெட்டுப்போயிருந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பாட்டின் ஒரு பகுதியை முதலில் நினைவகத்தில் சேர்த்து வைத்துவிட்டுத்தான் பாட ஆரம்பிக்கும். கெட்டால் பாட்டு நிற்கும், அல்லது கொரகொரவென்று அறுபடும். “கொஞ்சம் மங்கலாகக் கேட்பது”, “கொஞ்சம் உயிரில்லாமல் இருப்பது” என்ற நடுநிலை அதில் கிடையாது. விலை உயர்ந்த போனிலிருந்து ஜிபே செய்தால் 500 ரூபாய் 501 ஆகிவிடுமா? அதே கதைதான். ‘ஆடியோஃபைல் லேன் கேபிள்’, ‘ஆடியோஃபைல் நெட்வொர்க் சுவிட்ச்’ என்று ஆயிரக்கணக்கில் விற்கப்படுபவற்றை இந்த ஒரு காரணத்தாலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிடலாம்.

எண்களை ஒலி அலையாக மாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு டிஏசி என்று பெயர். இங்கேதான் தரம் உண்மையில் வேறுபடலாம். ஆனால் அந்தச் சிப்பைச் செய்கிறவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள்தான். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகா நகரில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்தபோது, மலிவான கருவி செய்பவரும் மாட்டினார், விலை உயர்ந்த கருவி செய்பவரும் மாட்டினார். எல்லாருடைய பெட்டிக்குள்ளும் இருந்தது அதே வரிசைச் சிப்புகள்! இன்றைக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நல்ல டிஏசியின் பிழை, மனிதக் காதுக்கு எட்டாத அளவுக்குக் கீழே போய்விட்டது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் அலுமினியக் கூட்டுக்கும், கனமான ரிமோட்டுக்கும், பிராண்டுக்கும், சுங்க வரிக்கும், 18% ஜிஎஸ்டிக்கும் போகிறது.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்... காது என்ன சொல்கிறது?

சிடி தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். நொடிக்கு சுமார் 1,411 கிலோபிட். யூடியூப் மியூசிக்கின் உயர்ந்த தரம் 256 கிலோபிட், ஸ்பாட்டிஃபையின் பழைய உச்சம் 320. ஹைரெஸ் என்று சொல்லப்படுவது 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். எண்ணிக்கையைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தாலே சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை முழுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியும். இளம் காதுக்கே மேல் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான். முப்பதைத் தாண்டும்போது பலருக்கும் அது 16-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதற்கு மேல் உள்ளதை வௌவால் வேண்டுமானால் ரசிக்கலாம்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் ஆடியோ சொசைட்டியைச் சேர்ந்த மேயர், மோரன் இருவரும் 2007-ல் வெளியிட்ட சோதனையில், ஹைரெஸ் ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே கணக்குதான் வந்திருக்கும். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷ்வா ரெய்ஸ் 2016-ல் 18 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, மொத்தத்தில் 52 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டிச் சரியான விடை வந்திருந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது 60 சதவீதத்தை ஒட்டி ஏறியது. ஆக வித்தியாசம் பூஜ்ஜியம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அமைதியான அறையில், பயிற்சி பெற்ற காதுக்கு, நூலளவு ஏதோ இருக்கலாம். அதற்குத்தான் லட்ச ரூபாய் கேட்கிறார்கள்.

டேட்டா கணக்கு வேறு இருக்கிறது. ஆப்பிளே சொல்லும் கணக்கின்படி, மூன்று நிமிடப் பாட்டு ஒன்று சாதாரண உயர்தரத்தில் 6 எம்பி, உச்ச ஹைரெஸில் 145 எம்பி. நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவர், பத்துப் பாட்டு கேட்டால் அன்றைக்கு ரீல்ஸ், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் சங்கு.

இன்னொரு தமாஷ், ப்ளூடூத். ஹைரெஸ் சந்தா கட்டி, ஹைரெஸ் ஆப் வைத்து, கடைசியில் இயர்பட்ஸில் கேட்கிறவர்களே அதிகம். ப்ளூடூத்தில் சாதாரணமாக ஓடும் எஸ்பிசி முறையின் அளவு சுமார் 328 கிலோபிட். சோனியின் எல்டாக் கூட 990-ல் நின்றுவிடும். தன் ஏர்பாட்ஸில் ப்ளூடூத் வழியாக லாஸ்லெஸ் வராது என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. மெயின் லைன் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, குழாய் வாய் சின்னதாக இருந்தால்?

சீலிங் ஃபேன் சுற்றும் வீட்டில்

ஹை-ஃபை பத்திரிகைகளில் வரும் அறைகளைப் பார்த்திருப்பீர்கள். கனத்த திரை, கம்பளம், ஒற்றைச் சாய்வு நாற்காலி. அங்கே ஃபேன் இருக்காது.

பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ மே மாதம் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டு கேட்க யாரால் முடியும்? ஐந்தில் சுற்றும் ஃபேன் சுமார் 50 டெசிபல் சத்தம் போடும். 16 பிட் பதிவிலேயே மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி இருக்கிறது. அந்த மெல்லிய ஒலி ஃபேன் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்றால், தோராயமாக, பெரிய ஒலி 146 டெசிபலுக்குப் போக வேண்டும். 120, 130-லேயே காது வலிக்கத் தொடங்கிவிடும். அதாவது, சிடி தரம் கொடுப்பதையே முழுசாக அனுபவிக்க நம் வீட்டில் வழியில்லை. 24 பிட் அதற்கும் மேலே.

வீட்டில் பாட்டைக் கெடுப்பது வேறு விஷயங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், அதில் முட்டி மோதித் திரும்பும் எதிரொலி. பேஸ் அடிக்கும்போது கூடவே அதிரும் ஸ்டீல் பீரோ, அதன் மேல் இருக்கும் டப்பாக்கள். ஸ்பீக்கரை மூலையில் திணித்து வைத்திருப்பது. இதில் எதையும் ஸ்ட்ரீமர் சரிசெய்யாது. ஒரு கனமான திரை, ஒரு ஜமுக்காளம், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிவைப்பது இவை செய்யும்.

தொழிற்பேட்டைப் பக்கத்து வீடுகளில் இன்னொரு புகார் வரும்: “கரண்ட் சரியில்ல, அதனாலதான் ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரு சத்தம். நல்ல பவர் சப்ளை வச்ச ஸ்ட்ரீமர் வாங்கினா போயிடுமாம்.” ஹம் உண்மையான பிரச்னைதான். ஆனால் அதற்குப் பெரும்பாலும் காரணம், எர்த் சரியாக இல்லாத வயரிங், அல்லது டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர் மூன்றும் வெவ்வேறு பிளக்கில் மாட்டப்பட்டிருப்பது. கூப்பிட வேண்டிய ஆள் ஆடியோ கடைக்காரர் இல்லை, எலக்ட்ரீஷியன். எர்த்தை அவர் பார்த்துச் சரிசெய்தால் பாட்டுக்கு மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கும் நல்லது.

கேட்பது எந்தப் பாட்டை?

தமிழர்களின் பிளேலிஸ்ட்டில் பழைய படப் பாடல்கள் நிறைய. எம்எஸ்வி காலப் பாடல்கள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. ஒரே மைக்கைச் சுற்றிப் பலரும் நின்று வாசித்தவை. அன்றைய ரீலிலும் ரெக்கார்டிலும் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவுதான் இன்றும் இருக்கும். அதை 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் போட்டுக் கொடுத்தால், கிடைப்பது பெரிய பாத்திரத்தில் அதே ஒரு டம்ளர் காபி. சில பழைய பாடல்கள் ஸ்ட்ரீமிங் தளங்களில் கேசட்டிலிருந்து ஏற்றியது போன்ற இரைச்சலோடுதான் கிடக்கின்றன. நல்ல கருவியில் போட்டால் அந்த இரைச்சல்தான் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

உண்மையில் காதுக்குத் தெரியும் வித்தியாசம், மாஸ்டரிங்கில் இருக்கிறது. ஒரே பாட்டின் பழைய சிடியும் புதிய ‘ரீமாஸ்டர்’ பதிப்பும் வேறு வேறாக ஒலிக்கலாம். புதியதில் எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்கு ஏற்றி, தபேலாவுக்கு மூச்சுவிட இடமில்லாமல் செய்திருப்பார்கள். இதைக் கேட்டுவிட்டு “லாஸ்லெஸ்ல வேற மாதிரி இருக்கு” என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. வித்தியாசத்தைச் செய்தது மாஸ்டரிங் மேஜை. பெயரைத் தட்டிக்கொண்டு போனது பெட்டி.

இலங்கை வானொலியை டிரான்சிஸ்டரில் அலை இரைச்சலோடு கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் அந்தப் பாடல்களை ஒரு சங்கதி விடாமல் பாடிக் காட்டும். 2017-ல் சரிகம நிறுவனம் காரவான் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. தமிழ் காரவானில் 5,000 பாடல்கள், பழைய ரேடியோ போன்ற திருகும் பொத்தான், ஆறாயிரத்தை ஒட்டிய விலை. ஒலித்தரத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனாலும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள், வீடு வீடாகப் போனது. இணையம் வேண்டாம், ஆப் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். வாங்கியவர்கள் காசு கொடுத்தது அந்த நிம்மதிக்கு.

பெட்டியின் ஆயுள் யார் கையில்?

இங்கேதான் இஎம்ஐ போடுகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபையர் முப்பது வருடம் உழைக்கும். ஸ்ட்ரீமர் உழைப்பது, எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வர் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான்.

ஸ்பாட்டிஃபை காருக்காக விற்ற ‘கார் திங்’ கருவியை 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனியே முடக்கியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் இருந்தது கண்ணாடி பதித்த ஒரு செங்கல். லாஜிடெக்கின் ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகளுக்குப் பின்னால் இருந்த இணைய சேவை அதே 2024-ல் நிறுத்தப்பட்டது. (அதன் ரசிகர்கள் சொந்த சர்வர் மென்பொருளை வைத்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேறு கதை.) பாடகர் நீல் யங் 2014-ல் பொதுமக்களிடம் 60 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தொடங்கிய போனோ பிளேயர் 2017-ல் கதை முடிந்தது. எம்க்யூஏ என்ற ஒலி முறை இருந்தால்தான் உண்மையான ஸ்டூடியோ தரம் என்று சில வருடம் விற்றார்கள். அதற்காகவே கருவி மாற்றியவர்கள் உண்டு. 2023-ல் அந்தக் கம்பெனி திவால் நடைமுறைக்குப் போனது. அதை முன்னிறுத்திய டைடல் தளமே 2024 ஜூலையில் அதைக் கைவிட்டது.

ஆகவே ஸ்ட்ரீமர் வாங்கியே தீர வேண்டும் என்றால், மலிவானதாக, தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாக இருப்பதே புத்திசாலித்தனம். ஐந்து வருடம் கழித்துத் தூக்கிப் போட்டாலும் மனசு வலிக்காது. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் அப்படியே இருக்கும்.

விலை உயர்ந்த கருவிகளில் நல்லதே இல்லை என்று சொல்வதும் தப்பு. அறையின் எதிரொலியை மைக் வைத்து அளந்து ஒலியைத் திருத்தும் வசதி சிலவற்றில் இருக்கிறது. அது காதுக்கு நன்றாகவே தெரியும். போனைத் தொடாமல் பாட்டு போட முடிவது பெரிய விஷயம். போன் அழைப்பு பாட்டை அறுக்காது, நோட்டிஃபிகேஷன் குறுக்கே வராது. பார்க்க அழகாக இருக்கிறது, வைத்திருப்பதில் ஒரு பெருமை இருக்கிறது என்றால் அதுவும் நியாயம்தான். புல்லட் வாங்குகிறவரிடம் மைலேஜ் பற்றி யாரும் வகுப்பெடுப்பதில்லை. ஆனால் “ஒலி நன்றாக இருக்கும்” என்ற காரணத்துக்காக வாங்கினால், காரணம் தப்பு.

நம்பிக்கை வரவில்லையா? வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஒரே பாட்டை, ஒரே ஹெட்போனில், சாதாரணத் தரத்திலும் லாஸ்லெஸ்ஸிலும் நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இது முக்கியம், ஏனென்றால் துளி சத்தம் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். டெமோ அறைகளில் இந்தச் சரிபார்ப்பை யாரும் செய்து காட்டுவதில்லை. 16 முறை கேளுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், வெறும் குருட்டாம்போக்கில் அப்படி வர நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான். உங்கள் காது உண்மையிலேயே எதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். எட்டு, ஒன்பதில் நின்றால் காசு மிச்சம்.

முதலில் காப்பாற்ற வேண்டிய கருவி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு உலைகளும் ரோலிங் மில்களும் அதிகம். பவர் பிரஸ், கிரைண்டிங், கம்ப்ரஸர் அறை போன்ற இடங்களில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது தொழிற்சாலை உலகில் சாதாரணம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் அளவே 90 டெசிபல்தான். அமெரிக்காவின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 85. ஐந்துதானே வித்தியாசம் என்று தோன்றும். டெசிபல் கணக்கு அப்படிப் போகாது. நியோஷ் கணக்கில் மூன்று டெசிபல் கூடினாலே, தாங்கக்கூடிய நேரம் பாதியாகும். 88-ல் நான்கு மணி நேரம், 91-ல் இரண்டு, 94-ல் ஒன்று. 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்.

இப்படி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஷாப் ஃப்ளோரில் எட்டு மணி நேரம். வெளியே வந்ததும் காதில் ‘ஙொய்ங்’ என்ற ரீங்காரம், பேச்செல்லாம் பஞ்சு வைத்துக் கேட்பது போல. அது தற்காலிகக் காது மந்தம். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் திரும்பும். ஆனால் அவர் ஓய்வு கொடுப்பதில்லை. ரயில் ஏறி இயர்பட்ஸ் மாட்டுகிறார். திறந்த ஜன்னல் பெட்டியில் 75, 80 டெசிபல் சத்தம். அதைத் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டும், காதும் மந்தமாக இருக்கிறது. வால்யூமை ஏற்றுகிறார். ஒரு மணி நேரப் பயணம். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் வரை பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒதுக்கீட்டை இவர் திங்கட்கிழமையே தொழிற்சாலையில் செலவழித்துவிட்டார்.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு முதலில் கைவைப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில். அங்கேதான் ஜால்ராவின் மினுமினுப்பும், சலங்கையும், டிரம்ஸின் ஹை-ஹாட்டும், தம்புராவின் ரீங்காரத்தில் மேலே மிதக்கும் அந்தப் பளபளப்பும் இருக்கின்றன. பேச்சில் ‘ச’, ‘ஸ’, ‘ட’ போன்ற கூர்மையான ஒலிகளின் அடையாளமும் அந்தப் பகுதியில்தான். லாஸ்லெஸ் விளம்பரங்கள் “இதுவரை கேட்காத நுணுக்கங்கள்” என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஒலிகளைத்தான். முப்பது வயதில் அந்த இடத்தில் 30 டெசிபல் இழந்தவர், லட்ச ரூபாய் பெட்டியில் கேட்டாலும் ஓட்டைக் காசில் வாங்கிய ஸ்பீக்கரில் கேட்டாலும் அது ஒன்றுதான். காதின் உள்ளே இருக்கும் ரோம செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. சட்டப்படி அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் இந்தக் காது கேளாமையும் இருக்கிறது. டெங்கு மாதிரி ஒரே நாளில் படுக்கையில் தள்ளாது என்பதால் யாரும் பயப்படுவதில்லை.

இதற்கான தடுப்பு, சில பத்து ரூபாய் விலையுள்ள ஃபோம் இயர்பிளக். பெரும்பாலும் கம்பெனியே கொடுக்கும். பாக்கெட்டில் கிடக்கும், அல்லது பாதி நுழைத்த நிலையில் காதில் தொங்கும். விரலால் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காதின் மேல்புறத்தை இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். “அதப் போட்டா சூப்பர்வைசர் கூப்பிடுறது கேக்காதுண்ணே” என்பது வழக்கமான பதில். நியாயமான பதில்கூட. அதற்குக் கை சைகையையும் விளக்கு சிக்னலையும் ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் வேலை. தொழிலாளி காதைக் கொடுத்துச் சமாளிக்க வேண்டியதில்லை.

பாட்டுக்கென்று செலவு செய்ய ஆசைப்பட்டால், இந்தப் பயணக்காரர்களுக்கு உண்மையிலேயே பலன் தரும் வசதி ஒன்று இருக்கிறது. இரைச்சலைக் குறைக்கும் ஏஎன்சி இயர்போன். ரயிலின் உறுமலை அது அமுக்கிவிடும், அதனால் வால்யூமைக் குறைத்து வைத்தே பாட்டு தெளிவாகக் கேட்கும். சுமாரான ஒன்று நான்காயிரம், ஐந்தாயிரத்தில் கிடைக்கிறது. லாஸ்லெஸ் தராத ப்ளூடூத்தில்தான் அது ஓடும், பரவாயில்லை. ரயிலில் 256 கிலோபிட்டே தாராளம். ஆனால் அதையே ஷாப் ஃப்ளோரில் இயர்பிளக்குக்குப் பதிலாக மாட்டிக்கொள்ளக் கூடாது. அது பாதுகாப்புக் கருவியாகச் சான்று பெற்றதில்லை, ஃபோர்க்லிஃப்ட் ஹாரனும் கேட்காமல் போகும். தண்டவாளத்தைக் கடக்கும்போதும் கழற்றிவிடுவது நல்லது.

வீட்டில் உட்கார்ந்து கேட்க 25,000 ரூபாய் கையில் இருந்தால், அதில் இருபதாயிரத்துக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும். ஒலியைக் காற்றில் உண்டாக்குகிற பொருள் அதுதான். விலைக்கேற்ற வித்தியாசம் இன்னும் நிஜமாகக் கேட்பதும் அதில்தான். மீதியில் ஒரு சின்ன டிஏசி. ரிச்சி தெருவில் ஒரு மதியம் சுற்றினால் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் பல ரகம் கிடைக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனில் சிம்மைக் கழற்றிவிட்டு, வைஃபையில் போட்டு, டிஏசியோடு இணைத்தால் அதுவே ஸ்ட்ரீமர். ஒன்றரை லட்சம் பட்ஜெட் உள்ளவருக்கும் இதே விகிதம்தான். ஸ்பீக்கரின் விலை மட்டும் ஏறும்.

இன்னும் ஒன்று. இதற்குச் செலவே இல்லை. அதிக இரைச்சல் உள்ள பிரிவுகளில் வேலை செய்கிறவர்களுக்குச் செவித்திறன் பரிசோதனை செய்வது வழக்கம். காதில் ஹெட்போன் மாட்டி, ‘பீப்’ கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அந்த வரைபடத் தாள் பெரும்பாலும் கம்பெனி கோப்பில் போய் அடங்கிவிடும். அடுத்த முறை செய்யும்போது அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 4,000 என்று எழுதிய இடத்தில் கோடு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தாலும் போதும். முதல் வருடத் தாள் கையில் இருந்தால்தான் ஐந்தாவது வருடத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.